ரயில் போன வழியில் சைக்கிள் சவாரி

பிட்ஸ்பர்க் என்றால் அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பென் ஹில்ஸ் குன்றில் இருக்கும் வேங்கடேஸ்வரர் கோயில்தான். 1970களில் எழுந்த கோயில். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்கிப்போக வரும் அப்பா, அம்மாவை எப்படியும் ஒரு வாரக் கடைசியில் காரில் ஏற்றி அங்கே அழைத்துப்போய்விடுவார்கள். பெருமாள் தரிசனம், கேன்டீனில் புளியோதரையும் தயிர்சாதமும், வாசலில் ஒரு குடும்ப போட்டோ. மறுநாள் காலை வண்டி நயாகராவுக்குக் கிளம்பிவிடும். பிட்ஸ்பர்க் முடிந்தது!

அந்தக் கோயிலிலிருந்து காரில் அரைமணி நேரம் போனால் நகரத்தின் மையம். அங்கே அலெகேனி, மனாங்கஹீலா என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒஹையோ ஆறாகப் புறப்படும் முனையில் ஒரு பெரிய நீரூற்று. அந்த முனையிலிருந்துதான் ஒரு சைக்கிள் பாதை கிளம்புகிறது. பெயர், கிரேட் அலெகேனி பாசேஜ். நீளம் 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். ஆற்றோரமாகப் போய், காட்டுக்குள் நுழைந்து, அப்பலாச்சியன் மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் கம்பர்லேண்ட் என்ற ஊரில் முடிகிறது. வழியில் சில இடங்களில் சாலையைக் குறுக்கே தாண்ட வேண்டும்; ஊர்களுக்குள் கொஞ்ச தூரம் தெருவில் போக வேண்டியிருக்கும். மற்றபடி காரும் லாரியும் பைக்கும் கிடையாது. ஹார்ன் சத்தம் இல்லை. கட்டணம் இல்லை. அனுமதிச் சீட்டும் வேண்டாம்.

‘மலையைத் தாண்டி 240 கிலோமீட்டரா? முழங்கால் என்ன ஆகும்?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இந்தப் பாதையின் கதையே இருக்கிறது.

மேடு தெரியாத மலை

இது சைக்கிளுக்காகப் போட்ட பாதை அல்ல. ரயில் போன பாதை. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது பிடிமானம் குறைவு. கொஞ்சம் மேடு கூடினாலும் பாரம் இழுக்கும் இன்ஜின் திணறும், சக்கரம் வழுக்கும். அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேட்டில் ஏறாமல் தப்பிக்க எல்லா வழியும் பார்த்தார்கள். ஆறு மலையை அறுத்துக்கொண்டு போன வழியிலேயே தாங்களும் போனார்கள். குறுக்கே பள்ளத்தாக்கு வந்தால் உயரமான பாலம். மலை வந்து நின்றுவிட்டால் சுரங்கம். பிட்ஸ்பர்க்கிலிருந்து போனால் பாதையின் உச்சிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலும் ஏறும் மொத்த உயரம் 510 மீட்டர்தான். கிலோமீட்டருக்குச் சராசரியாக இரண்டரை மீட்டர். மிதிப்பவருக்கு மேடு ஏறுகிறோம் என்பதே பல இடங்களில் தெரியாது.

எதிர்ப்பக்கம், கம்பர்லேண்டிலிருந்து வந்தால் கதை வேறு. அதே உச்சியை 38 கிலோமீட்டரில் எட்ட வேண்டும். கிலோமீட்டருக்கு 14 மீட்டர் ஏற்றம். இதுவும் கொடுமை இல்லை; ஆனால் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

மலைப்பகுதியில் ஓடியது வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே கம்பெனியின் பாதை. 1912-ல் திறந்தார்கள். 1975-ல் மூடிவிட்டார்கள். ஆற்றின் எதிர்க்கரையில் போட்டிக் கம்பெனியின் பாதை ஒன்று இருக்கும்போது, ஒரே வழிக்கு இரண்டு தண்டவாளம் எதற்கு என்பது கணக்கு. இரும்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மண்மேடும் பாலங்களும் இருட்டுச் சுரங்கங்களும் மிச்சம்.

1978-ல் வெஸ்டர்ன் பென்சில்வேனியா கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அதில் 27 மைல் நிலத்தை வாங்கியது. 1986-ல் ஒஹயோபைல் என்ற சின்ன ஊருக்கு அருகே முதல் சில மைல்கள் சைக்கிளுக்குத் திறந்தன. அதன் பிறகு துண்டு துண்டாக, ஒரு பாலத்துக்குத் தளம், ஒரு சுரங்கத்துக்குச் செப்பம் என்று வேலை நடந்தது. கம்பர்லேண்ட் வரை பாதை போய்ச் சேர்ந்தது 2006 இறுதியில். கடைசியில் மாட்டிக்கொண்டது காடு அல்ல, நகரம்! பிட்ஸ்பர்க்கை ஒட்டிய சிறு துண்டுக்கு ரயில் கம்பெனிகளோடும் நில உரிமையாளர்களோடும் பேசி முடித்து முழுப் பாதையும் இணைந்தபோது 2013 ஜூன் ஆகிவிட்டது. மலையைக் குடைவதைவிட நகரத்தில் நான்கு முழ இடம் வாங்குவது கஷ்டம் என்பது உலகம் முழுவதற்கும் பொது போலிருக்கிறது.

ஆலைகள் நின்ற கரை

முதல் இருபது கிலோமீட்டரில் காடு இல்லை. அழகு தேடி வருகிறவர்கள் இந்தப் பகுதியைக் காரில் தாண்டிவிட்டு, மேலே போய்ச் சைக்கிளை இறக்குவார்கள். அது நஷ்டம்.

நகரத்துக்குள் பாதை மாவட்டச் சிறைச்சாலையை ஒட்டிப் போகிறது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘ஜெயில் ட்ரெயில்’. அடுத்து வரும் பாலத்தின் பெயர் ஹாட் மெட்டல் பிரிட்ஜ். ஒரு கரையில் உலையில் உருக்கிய இரும்புக் குழம்பை, ஆறுவதற்குள் அடுத்த கரை ஆலைக்கு ரயில் வண்டியில் கொண்டுபோன பாலம் இது. இன்று அதன்மேல் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அம்மாக்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

அடுத்து ஹோம்ஸ்டெட். 1892 ஜூலை 6 அன்று கார்னகி கம்பெனி ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை அடக்க, பிங்கர்ட்டன் ஏஜென்சியின் 300 கூலிக் காவலர்களைப் படகில் ஏற்றி இரவோடு இரவாக அனுப்பினார்கள். விடியும்போது கரையில் துப்பாக்கிச் சண்டை. இரு பக்கமும் உயிர்கள் போயின. படகு வந்து நின்ற இடத்தில் இருக்கும் பழைய பம்ப் ஹவுஸ் கட்டடம் பாதையோரத்திலேயே நிற்கிறது. அந்த ஆலை 1986-ல் மூடப்பட்டது. அதன் இடத்தில் இப்போது ஷாப்பிங் வளாகமும் சினிமா தியேட்டரும். புகை விடாத புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

இன்னும் போனால் மெக்கீஸ்போர்ட். 1940-ல் 55,000 பேர் வாழ்ந்த ஊர். 2020 கணக்கெடுப்பில் 18,000-ஐக்கூடத் தொடவில்லை. ஆலை போனது, கூடவே பிள்ளைகளும் போனார்கள். பலகை அடித்த ஜன்னல்களோடு வீடுகள் நிற்கின்றன. சைக்கிள்காரர்களில் பலர் இங்கே தண்ணீர் குடிக்கக்கூட நிற்பதில்லை.

இந்தப் பாதை ஊர்களுக்கு உயிர் கொடுத்துவிட்டது என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. பாதி உண்மை. ஒரு சைக்கிள் கடையும் ஒரு காபிக் கடையும் நான்கு விருந்தினர் விடுதிகளும் ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்த எஃகு ஆலைக்கு ஈடாகாது. மேலே, மலைக்குள் இருக்கும் சிற்றூர்களின் கணக்கு வேறு. 700 பேர் வாழும் ஊரில் நான்கு விடுதிகள் திறந்தால் அது பெரிய செய்தி. ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களுக்குக் கிடைக்காதது மேல்பக்கத்து ஊர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

சிவப்பு அருவி

மெக்கீஸ்போர்ட்டில் பாதை மனாங்கஹீலாவை விட்டுவிட்டு யாக்கியோகேனி ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது. இந்தப் பெயரைச் சொல்லி நாக்குச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம்; ஊர்க்காரர்களே ‘யாக்’ என்றுதான் சொல்கிறார்கள். இனிமேல் 100 கிலோமீட்டருக்கும் மேல் யாக்தான் துணை.

மரங்கள் நெருங்க ஆரம்பிக்கின்றன. காலுக்கடியில் தார் போய், பொடித்த சுண்ணாம்புக்கல் தளம். டயர் அதில் உருளும் ‘சரசர’ சத்தம் கடைசிவரை கூட வரும். ப்யூனா விஸ்டா என்ற ஊருக்கு அருகே பாறைச் சரிவில் ஒரு சின்ன அருவி. சிவப்பு நிறம்! செங்காவியைக் கரைத்து ஊற்றியதுபோல் பாறையே சிவந்து கிடக்கிறது. போட்டோ எடுக்காமல் யாரும் போவதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தக் கூடாது. கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் தேங்கிய தண்ணீர், அங்கிருந்த இரும்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சுரங்கத்தை மூடிப் பல தலைமுறை ஆனாலும் ரத்தம் நிற்காத புண் அது.

இன்னும் கொஞ்ச தூரத்தில், ஸ்மித்டன் ஊரைத் தாண்டி, டார் சுரங்கம் இருந்த இடம் வருகிறது. பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் மரங்கள் அடர்ந்த சரிவு, மறுபக்கம் அமைதியான ஆறு. 1907 டிசம்பர் 19 அன்று இந்தச் சரிவுக்குள் நடந்த வெடிவிபத்தில் 239 பேர் இறந்தார்கள். பெரியவர்களோடு சிறுவர்களும் இருந்தார்கள். பலர் ஹங்கேரியிலிருந்தும் சுற்றுப்புற நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். மனைவி, பிள்ளைகள் கடலுக்கு அப்பால். இறந்தவர்களில் அடையாளம் தெரியாதவர்களைப் பொதுக் குழியில் புதைத்தார்கள். அன்றைக்குப் பழைய நாள்காட்டிப்படி புனித நிக்கலஸ் திருநாள். ருசின் இனத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போகாமல் தேவாலயத்துக்குப் போனதால் உயிர் பிழைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு நாள் கூலியை விட்டுச் சாமி கும்பிடப் போனவர்கள்.

இங்கே சைக்கிளை நிறுத்தினால், இலைகள் அசையும் சத்தம் மட்டுமே கேட்கும். இவர்கள் வெட்டிய கரியைச் சுமந்துதான் ரயில் ஓடியது. அந்த ரயில் ஓடியதால்தான் இன்று இந்தப் பாதை.

கனெல்ஸ்வில் ஊரும் அப்படித்தான். ஒரு காலத்தில் கோக் உற்பத்தியின் தலைநகரம். குடிக்கும் கோக் அல்ல! நிலக்கரியைத் தேன்கூடு வடிவச் சூளைகளில் வேகவைத்து, எஃகு உலைக்கு ஏற்ற எரிபொருளாக மாற்றுவது. ஊரைச் சுற்றி எரிந்த சூளைகளின் மிச்சங்கள் புதருக்குள் இன்றும் இருக்கின்றன.

ஒஹயோபைல்: ஒரே நாள் கிடைத்தால் இங்கே வாருங்கள்

கனெல்ஸ்வில்லைத் தாண்டியதும் ஊர்கள் நின்றுவிடுகின்றன. அடுத்த 27 கிலோமீட்டருக்குக் கடை இல்லை. செல்போன் சிக்னலும் நம்ப முடியாது. வலதும் இடதும் காடு, கீழே பள்ளத்தில் பாறைகளுக்கிடையே இரையும் யாக். ஓக், மேப்பிள், ஹெம்லாக் மரங்கள். ஜூலை முதல் வாரங்களில் வந்தால் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். அக்டோபர் நடுவில் வந்தால் மலை முழுக்க மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும். மான்கள் பாதையில் நின்று ஆளைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் விலகும். கருங்கரடியும் சாரைப்பாம்பும்... இல்லை, கிலுகிலுப்பைப் பாம்பும் இந்த மலைகளில் உண்டு. பெரும்பாலும் அவையே ஒதுங்கிப்போய்விடும்.

பிறகு ஒஹயோபைல். நிரந்தரமாக வாழ்பவர்கள் நூறு பேர்கூட இல்லாத ஊர். கோடை சனிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. இங்கே யாக் ஒரு குதிரை லாடம்போல் வளைந்து திரும்புகிறது. ஊரை ஒட்டியே ஆறு முழு அகலத்துக்குச் சரிந்து விழும் அருவி. ஜார்ஜ் வாஷிங்டன் 1754-ல், 22 வயது ராணுவ அதிகாரியாக, மேற்கே போகப் படகு வழி தேடி இந்த ஆற்றில் வந்தார். இந்த அருவியைப் பார்த்ததும் படகுத் திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பிவிட்டார். இன்று அதே ஆற்றில் காசு கொடுத்து ரப்பர் படகில் உருண்டு புரண்டு போகிறார்கள் கல்லூரிப் பிள்ளைகள். ஆற்றின் வளைவைச் சுற்றிப் போகாமல் பழைய ரயில் பாதை இரண்டு பாலங்களால் நேராக வெட்டிச் செல்கிறது. உயரமான பாலத்தின் நடுவில் நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் கண்ணுக்கு விரியும்.

அறுபது வயதைத் தாண்டிய அப்பா, அம்மாவோடு வருகிறவர்களுக்கு ஒஹயோபைலிலிருந்து கன்ஃப்ளூயன்ஸ் வரையிலான 18 கிலோமீட்டரே போதும். 1986-ல் முதலில் திறந்த பகுதி இதுதான். போகும்போது தெரியாத அளவு ஏற்றம், வரும்போது அதே அளவு இறக்கம்; களைத்துப்போன நேரத்தில் பாதையே உதவி செய்யும். இரண்டு ஊரிலும் வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. மிதித்தால் உதவும் வகை பேட்டரி சைக்கிளையும் ஓட்டலாம். சேலை வேண்டாம், சுடிதாரின் துப்பட்டாவும் வேண்டாம், செயினில் மாட்டும்.

நேரம் இருந்தால், ஊரிலிருந்து சில மைல் தொலைவில் ஃபாலிங்வாட்டர். கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட், பிட்ஸ்பர்க் டிபார்ட்மென்ட் ஸ்டோர் முதலாளி காஃப்மன் குடும்பத்துக்காக 1935-ல் வடிவமைத்த வீடு. ‘அருவியைப் பார்த்து வீடு கட்டித் தருவார்’ என்று அவர்கள் நினைத்திருக்க, அருவியின் மேலேயே கட்டிவிட்டார். 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே போகும் சாலை ஏற்ற இறக்கமானது, கார்களும் வரும். சைக்கிளை விட்டுவிட்டுக் காரில் போவதே நல்லது. டிக்கெட்டை முன்பே வாங்கிவிட வேண்டும்.

உச்சியில் ஒரு இருட்டு

கன்ஃப்ளூயன்ஸில் யாக்கை விட்டுவிட்டு காசல்மேன் ஆற்றோடு ஏற்றம் தொடர்கிறது. ராக்வுட், மயர்ஸ்டேல் என்று இரண்டு சிற்றூர்கள். மயர்ஸ்டேலுக்கு முன்னால் சாலிஸ்பரி பாலம்: 580 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம். கீழே ஆறு, நெடுஞ்சாலை, ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பாதை மூன்றும் பொம்மைபோல் தெரியும். காற்றடிக்கும் நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது வெட்கமில்லை.

உச்சியில், 729 மீட்டர் உயரத்தில், பெரிய தூண் எதுவும் கிடையாது. சாலைக்கு அடியில் ஒரு சிறிய வழி. சுவரில் ஏற்ற இறக்கப் படம். இந்தப் பக்கம் விழும் மழை ஒஹையோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். அந்தப் பக்கம் விழுவது பொட்டோமக் வழியாக அட்லாண்டிக்குக்கு.

சற்றுத் தாண்டினால் பிக் சாவேஜ் சுரங்கம். ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கு உண்டு, ஆனாலும் சைக்கிள் விளக்கு வேண்டும். ஆகஸ்ட் வெயிலிலும் உள்ளே குளிரும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். சாவேஜ் என்பது ஒரு நில அளவையாளரின் பெயர். 1736-ல் பனியில் மாட்டிப் பட்டினி கிடந்த அளவைக் குழுவில், ‘நான்தான் பலவீனமானவன், என்னைச் சாப்பிட்டுப் பிழையுங்கள்’ என்று அவர் சொன்னதாகவும், அதற்குள் உதவி வந்து அவர் தப்பியதாகவும் ஒரு கதை. குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சுரங்கத்துக்கு வெளியே வந்த பிறகு சொல்லுங்கள்.

வெளியே வந்தால் கண்ணெதிரே மேரிலாந்தின் மலையடுக்குகள். இங்கிருந்து மிதிக்கவே வேண்டாம், பிரேக்கைப் பிடித்தால் போதும். பனிக்காலத்தில் சொட்டும் நீர் உறைந்து சுவரைப் பிளக்கும் என்பதால், டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை சுரங்கத்தின் கதவுகளை மூடிவிடுகிறார்கள். அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

முழுதாகப் போக நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளலாம். கம்பர்லேண்டிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் சைக்கிளோடு பிட்ஸ்பர்க் திரும்பலாம். சைக்கிளுக்கும் முன்பதிவு வேண்டும். வண்டி வந்துசேரும்போது நள்ளிரவாகிவிடும். தெம்பு மிச்சம் இருப்பவர்களுக்கு, கம்பர்லேண்டிலேயே பழைய கால்வாய்க்கரைப் பாதை ஆரம்பிக்கிறது. 297 கிலோமீட்டர் போனால் வாஷிங்டன். மழை பெய்தால் அது சேறு, எச்சரிக்கை!

மாலையில் புல்லில் நடந்திருந்தால் காலையும் கழுத்தையும் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மானின் மேல் இருக்கும் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். பஞ்சருக்கு இரண்டு ட்யூப், இரண்டு பாட்டில் தண்ணீர், ஹெல்மெட். சைவச் சாப்பாடு வழியில் சுலபமாகக் கிடைக்காது. கோயில் கேன்டீன் புளியோதரை ஒரு நாள் தாங்கும்.

அதை ஒஹயோபைலுக்கு மேலே, ஆற்றைப் பார்த்துப் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தால், எதிர்க்கரை மரங்களுக்குள் தடதடப்பு கேட்கும். போட்டியில் ஜெயித்த பாதையில் இன்னும் சரக்கு ரயில் ஓடுகிறது. குழந்தைகள் பெட்டிகளை எண்ண ஆரம்பிப்பார்கள். நூறைத் தாண்டியும் வந்துகொண்டே இருக்கும்.